சாமித் தட்டு முளைத்த டர்பன்டைன் மரம்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். இதைப் படிப்பதற்கு முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே போங்கள். விழுந்தால் உங்கள் கூரையை எட்டக்கூடிய மரங்கள் எத்தனை என்று எண்ணிவிட்டு வாருங்கள். எனக்கு ஐந்து. நுவரெலியாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஐந்தில் மூன்று எங்களுடையவை, ஒன்று அடுத்த வீட்டுக்காரருடையது, மற்றது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. யாருடையது என்று தெரியாத அந்த மரம்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நான்கு முறை எழுதிய பிறகு ஓர் அலுவலகத்திலிருந்து இளைஞர் ஒருவர் வந்தார். பாதையில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார்.

"எலையெல்லாம் நல்லா பச்சையா இருக்கே ஐயா. நல்ல மரந்தான்."

"அடியைப் பாருங்கள் தம்பி" என்றேன்.

"அங்க எறங்கினா சப்பாத்து சேறாயிரும் ஐயா" என்று சிரித்தார். கைப்பேசியில் மரத்தின் தலையைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இளைஞர் மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதிதான் அவருக்குரியது. மீதி பழைய பாக்கி. இதே சொல்லை, இதே மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு, எங்கள் தேயிலைத் தோட்டத்து அதிகாரியான ஒரு சின்ன துரை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. மரத்தைப் பார்ப்பது என்றால் நம் நாட்டில் இன்றைக்கும் தலையைப் பார்ப்பதுதான். மரம் நிற்பது அடியில். அடியைக் குனிந்து பார்க்க யாருக்கும் இடுப்பு வளைவதில்லை.

எங்கள் தோட்டம் கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பக்கம். ஆடி மாதம் மழை விட்டுப் பெய்யாது, பெய்துகொண்டே இருக்கும். சட்டை காயாது, விறகு காயாது, தலையணை காயாது. மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில், ஒற்றை அறை வீடுகளாகப் பத்துக் காம்பரா ஒரே வரிசையில் ஒட்டிய லயம். முன்னால் திண்ணை மாதிரி இஸ்தோப்பு, பின்னால் மண்மேடு. எங்களுக்கு மூன்றாம் காம்பரா. பத்தாம் காம்பராவுக்கு நேர் மேலே, மேட்டின் விளிம்பில், அந்த டர்பன்டைன் மரம். பாடப் புத்தகத்தில் அதற்கு யூக்கலிப்டஸ் என்று பெயர். தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அடிமரத்தைக் கட்டிப் பிடிக்கச் சிறுவர்கள் நாங்கள் நான்கு பேர் வேண்டும். மழையில் அதன் வாசம் லயம் முழுக்க நிற்கும். சளி பிடித்த பிள்ளைகளுக்கு அந்த இலையைப் போட்டுத்தான் வேது பிடிப்பார்கள். அதன் காய்களைத் தரையில் சுண்டிவிட்டால் பம்பரம் மாதிரி சுற்றும். என்னிடம் அறுபதுக்கு மேல் இருந்தன, ஒரு பால்மா டின்னுக்குள். அந்த டின் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

மரத்தடியில் காவல் சாமி. ஒரு கல், ஒரு சூலம், மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்ட ஒரு மணி. லயம் தோட்டத்துடையது, காம்பரா தோட்டத்துடையது, கொழுந்துக்கூடை தோட்டத்துடையது. அந்தச் சாமி ஒன்றுதான் எங்களுடையது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு, இவ்வளவு முட்டாள்களா இந்த மனிதர்கள் என்று யாராவது கேட்பீர்கள். முட்டாள்கள் இல்லை. ஆனால் எனக்குக் கோபம் குறையவும் இல்லை.

மரத்துக்குக் கேடு வந்தது எங்கிருந்து என்று சொல்கிறேன். லயத்தின் பின்சுவர் ஈரமாகிறது என்று சொல்லி, எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது, மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் ஓட ஒரு கான் வெட்டினார்கள். வெட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். பத்தாம் காம்பராவுக்குப் பின்னால் வந்தபோது மண்வெட்டி வேரில் பட்டது. தொடைப் பருமன் வேர்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றார். "வேரு தானே, வெட்டிட்டு ஓட்டுங்கப்பா" என்றார். வெட்டினார்கள். அந்தப் பக்கத்து வேர் அத்தனையும் போயிற்று. அப்பா பெருமையோடு நான்கு துண்டுகளைத் தோளில் வைத்துக் கொண்டுவந்தார்.

"ரெண்டு மாசத்துக்கு வெறகு கவல இல்ல" என்றார்.

அந்த வேர் எரியும்போது வந்த நெடி எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. ஒரு மரத்தின் காலை வெட்டி அடுப்பில் வைத்துச் சோறு பொங்கித் தின்றோம். பிறகு அது நிமிர்ந்து நிற்கும் என்று நம்பினோம். அடுத்த வருடம், தேயிலைக்கு வெளிச்சம் வேண்டும் என்று தேயிலைப் பக்கத்துக் கொப்புகளை மட்டும் கழித்தார்கள். லயத்துப் பக்கத்துக் கொப்புகளை விட்டுவிட்டார்கள். பாரம் முழுவதும் எங்கள் கூரைப் பக்கம். எந்தப் பக்கம் வேர் இல்லையோ அந்தப் பக்கம் பாரம். இதற்குப் படிப்பு வேண்டுமா? தலையில் ஒரு பக்கம் மட்டும் கூடை தொங்கினால் ஒற்றைக் காலில் நிற்க முடியாது என்று கொழுந்து எடுக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். யாரும் கேட்கவில்லை.

பிறகுதான் தட்டு முளைத்தது.

அடிமரத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அளவு ஒரு தட்டு. மேலே பழுப்பு, கீழே சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. கட்டை போல உறுதி. பூசாரிதான் முதலில் கண்டார். அவர் எங்கள் லயத்து ஏழாம் காம்பராக்காரர். வார நாளில் கான் வெட்டுவார், வெள்ளிக்கிழமை பூசை வைப்பார். அதுவரை மழையில் அணைந்து அணைந்து போகும் விளக்கைக் கொண்டுபோய் அந்தத் தட்டின் மேல் வைத்தார். கன கச்சிதமாக உட்கார்ந்தது. அணையவும் இல்லை.

"வெளக்கு வைக்க எடம் இல்லனு போன வெள்ளி தான் மனசுக்குள்ள கேட்டேன். சாமி தட்டு குடுத்துருச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

லயமே திரண்டு வந்து பார்த்தது. அம்மா குலவை போட்டாள். மறு வருடம் இரண்டாவது தட்டு, சாப்பாட்டுத் தட்டின் அகலத்தில். அதற்கடுத்து மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விளக்கு. பிள்ளைகள் நாங்கள் குப்புறப் படுத்துக்கொண்டு அடிப்புறத்து வெள்ளையில் குச்சியால் எழுதுவோம். எழுதிய இடம் பழுப்பாகிவிடும், அழியாது. நான் ஏழாம் வாய்ப்பாடு முழுவதையும் அங்கே எழுதி வைத்திருந்தேன்.

அது காளான். உயிரோடு இருக்கும் மரத்தின் அடியில் இப்படித் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்தால், உள்ளே வயிரம் மக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நம்மில் எத்தனை பேருக்கு இது இன்றைக்குத் தெரியும்? மரப்பட்டையில் வெடித்துச் சிவப்பாக வடிந்தது. சாமி குங்குமம் வைத்துக்கொண்டதென்றார்கள். அடிமரத்தைக் கையால் தட்டினால் உடுக்கு மாதிரி வெற்றொலி. சாமி உள்ளே பேசுகிறது என்றார்கள். ஒரு நோயாளி தனக்கு இருக்கிற அத்தனை நோயையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சுற்றி நின்று நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்கு ஒன்பது வயதான அந்த ஆடியில்தான் சித்திக்குப் பிள்ளை பிறந்தது. சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமாகி ஒரு வருடம் மாமியார் வீட்டில் ஒண்டியிருந்துவிட்டு, பத்தாம் காம்பரா காலியானபோது, பிள்ளை பிறக்கச் சில வாரம் முன்பு, சித்தப்பாவோடு அங்கே வந்தாள். தோட்டத்தில் காம்பரா கிடைப்பது லேசான காரியமில்லை. இரண்டு குடும்பங்கள் அதே காம்பராவுக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றன.

பிள்ளை பெற்றவளுக்குப் படுத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. பின்சுவரில் புகை போக ஒரு ஓட்டை உண்டு. சித்தி நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு மத்தியானம் அம்மா பத்தியக் குழம்பு கொண்டுபோனாள், நானும் போனேன்.

"அக்கா, இந்த ஓட்டையில பாரேன். நா வந்த புதுசுல மரத்துக்கும் கூரைக்கும் நடுவுல ஒரு கை அகலம் வானம் தெரிஞ்சிச்சு. இப்ப ரெண்டு வெரலு தான் தெரியுது."

"மரம் பெருத்துருக்கும்."

"ஒரு மாசத்துலயா?"

"சாமி மரம். பெருக்கும், சிறுக்கும். நீ கொழம்ப குடிச்சிட்டு கண்ண மூடு."

"கண்ண மூடுனா மேட்டுலருந்து மண்ணு விழுற சத்தம் கேக்குதுக்கா."

அம்மா குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்: "வாய வச்சிக்கிட்டு சும்மா இரு. சாமி காதுல விழப் போகுது."

நான் மேட்டுக்கு ஏறிப்போய்ப் பார்த்தேன். மரத்துக்கு மேற்பக்கம், லயத்துக்கு எதிர்ப்பக்கத்தில், மண் வெடித்திருந்தது. வளைந்த வெடிப்பு. அதற்குள் என் கை போயிற்று. மழைத்தண்ணீர் ஓடிவந்து அதற்குள் இறங்கி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. மரம் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இப்படி வெடித்தால் வேர் மண்ணைப் பிடுங்கிக்கொண்டு கிளம்புகிறது என்று பொருள். ஒன்பது வயதில் எனக்கு அது நல்ல கப்பல் விடுகிற கானாகத் தெரிந்தது.

சித்தி பயப்படுகிறாள் என்ற செய்தி லயத்தைச் சுற்றியது. எட்டாம் காம்பரா அத்தை தீர்ப்புச் சொன்னாள்: "பச்ச ஒடம்புக்காரி. காத்து கருப்பு பட்டுருக்கும்." பூசாரி கறுப்புக் கயிறு மந்திரித்துக் கொண்டுவந்தார். சித்தி கையை நீட்டவில்லை.

"எனக்கு ஏன் பூசாரி அண்ணே கயிறு? மரத்துக்குக் கட்டுங்க. அதுதான சாயுது."

இஸ்தோப்பில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பூசாரியும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கயிற்றைப் பிள்ளையின் காலில் கட்டிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்போடு காரியம் முடிந்துவிட்டது. ஒரு பெண் கூரையில் மரம் விழப்போகிறது என்கிறாள், அவளுக்குக் கயிறு.

சித்தி விடவில்லை. சித்தப்பாவை நச்சரித்தாள். அவர் துரையிடம் வாய் திறக்கிற ஆள் இல்லை. ஆனாலும் ஒரு காலை பெரட்டுக் களத்தில், எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, கண்டாக்கு ஐயாவிடம் சொல்லிவிட்டார். ஐயா சின்ன துரையைக் கூட்டிக்கொண்டு வந்தார். துரை கீழ்ப் பாதையில் நின்றார். மேடு ஏறவில்லை. கைத்தடியால் மரத்தின் தலையைக் காட்டினார்.

"எலை எல்லாம் பச்சை. நல்ல மரம் தானே? என்ன பயம்?"

"அதான் தொரை நானும் சொன்னேன்" என்றார் கண்டாக்கு ஐயா. அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மரத்தில் வெள்ளைப் பெயின்டில் 27 என்று நம்பர் இருந்தது. வெட்ட வேண்டிய வருடம் வந்தால்தான் நம்பர் மரத்தை வெட்டலாமாம். மரமும் நம்பர் பார்த்துத்தான் விழும் என்று அவர்கள் நினைத்தார்கள் போலிருக்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் போகிறது. இரண்டு வாரம் கழித்து, தொழிற்சாலை அடுப்பு விறகுக்குத் தட்டுப்பாடு வந்தது. வருடம் நம்பர் எல்லாம் காற்றில் போயின. நல்ல மரம் என்று சொன்ன அதே துரை, அதை வெட்டச் சொல்லி வாள்காரர்கள் இரண்டு பேரை அனுப்பினார். சித்தியின் பயத்துக்காக இல்லை, விறகுக்காக. எதற்காக என்றால் என்ன, வெட்டியிருந்தால் போதுமே!

லயம் வெட்டவிடவில்லை.

தோட்டத் தலைவர் முன்னால் நின்றார். எங்கள் சங்கத் தலைவர், ஒன்றாம் காம்பராக்காரர். பெண்கள் மரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள், கொழுந்து எடுக்கும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடியே, மழையில். அம்மாவும் அவர்களில் ஒருத்தி. அப்பா தலைவர் பக்கத்தில்.

"இன்னைக்கு மரத்த வெட்டுவான். நாளைக்கு சாமிய பொரட்டுவான். நாளான்னைக்கு நம்மளயே வெரட்டுவான்" என்றார் தலைவர்.

அது பொய்யும் இல்லை. எத்தனையோ முறை விரட்டப்பட்டவர்கள்தான் நாங்கள். உண்மையான காரணத்தைக் கொண்டுபோய்த் தவறான மரத்தில் கட்டினார்கள்.

அப்போது சித்தி மேட்டில் ஏறி வந்தாள். தலையில் துண்டு, நெஞ்சில் பிள்ளை.

"அண்ணே, வெட்டுங்க" என்றாள் வாள்காரர்களிடம்.

தலைவர் அவள் முன்னால் வந்து நின்றார். "தங்கச்சி, இது ஒன் ஒருத்தி பிரச்சின இல்ல. லயத்து மான பிரச்சின."

"தலைவரே, ஒங்க காம்பரா எத்தனாவது?"

"ஒண்ணாவது. ஏன்?"

"ஒண்ணுமில்ல. பத்தாவதுக்கு வந்து ஒரு நாளு படுத்துட்டு மானத்தப் பத்தி பேசுங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏ புள்ள, உள்ள போ! ஆம்பளைங்க பேசுற எடத்துல என்னா வேல?"

"மரம் ஆம்பள பொம்பள பாத்தா விழும் மாமா?"

வாள்காரர்களில் மூத்தவர் வாளைத் தோளில் வைத்தார். "வெட்டுனாலும் சரி, வெட்டாட்டியும் சரி. எங்களுக்கு இன்னிக்கி பேரு விழுந்துரும், சம்பளம் உண்டு. நீங்களே பேசி முடிவு பண்ணிக்கிங்க." போய்விட்டார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். அன்று மூன்று தட்டிலும் விளக்கு, சர்க்கரைப் பொங்கல், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம். துரையை ஜெயித்தோம், வாளை ஜெயித்தோம், சித்தியை ஜெயித்தோம். பொங்கல் நன்றாக இருந்தது என்பதும் எனக்கு ஞாபகமிருக்கிறது. அதை நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

அன்று மாலையே சித்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் காம்பராவுக்கு வந்துவிட்டாள். "வெளிய போன்னு சொல்லு, போறேன். அங்க போக மாட்டேன்" என்றாள் அம்மாவிடம். அம்மா பாயை விரித்தாள். சித்தப்பாவும் வந்துவிட்டார். ஒரே காம்பராவுக்குள் ஆறு பேர். நான் அடுப்புத் திண்டோடு ஒட்டிக்கொண்டு படுத்தேன்.

இங்கேதான் தோட்டத்துச் சட்டம் ஒன்று குறுக்கே வந்தது. எழுதாத சட்டம். மூன்று நாள் புகை வராத காம்பரா காலிக் காம்பரா. அடுப்பு எரிந்து ஓட்டு இடுக்கில் புகை கசிந்தால்தான் அங்கே குடித்தனம் இருக்கிறது என்று கணக்கு. கண்டாக்கு ஐயா பாதையில் போகும்போது தலையைத் தூக்கிக் கூரைகளைப் பார்த்துக்கொண்டே போவார். இந்த ஐயாவுக்கும் கூரைதான் தெரிந்தது, அதற்கு மேலே சாய்ந்து நின்றது தெரியவில்லை. பத்தாம் காம்பராவுக்குக் காத்திருந்த இரண்டு குடும்பங்களும் அதே கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. காம்பரா போனால் சித்திக்குத் திரும்ப ஒன்று கிடைக்க எத்தனை வருடமாகுமோ.

அதனால் சித்தி தினமும் போய்ப் புகை போட்டுவிட்டு வந்தாள். எங்கள் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். ஈரச் சுள்ளியைப் பற்றவைப்பாள். புகை கிளம்பியதும் வெளியே ஓடி வந்துவிடுவாள். எந்தக் கூரைக்குப் பயந்து ஓடி வந்தாளோ, அதன் கீழேயே போய்க் குனிந்து ஊத வேண்டும், அது தன்னுடையதாக இருக்க வேண்டுமானால். லயத்தில் அவளுக்குப் பட்டப் பெயரும் வைத்துவிட்டார்கள். புகைக்காரி.

மழை ஒரு நாள் விட்டது. சுத்தமாக விட்டது. வெயில் கூட அடித்தது. இலை அசையவில்லை. பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் அவசர அவசரமாகத் துணி மூட்டையோடு, தண்ணீர் கொட்டும் பீலிக்கரைக்கு ஓடினார்கள். நான் இஸ்தோப்பில் ஈரமான பள்ளிக் கொப்பியை ஒவ்வொரு தாளாக விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். சித்தி கொள்ளியை எடுக்கப் போனாள்.

"கொண்டா இங்க" என்றாள் அம்மா. "புள்ள துணி நாறுது, நீ போயி அலசு. நா பொகய போட்டுட்டு வாறேன்."

"நாம் போறேன்க்கா."

"அட போடி. எனக்கு ஒண்ணும் ஆவாது. சாமிக்கு என்னய தெரியும்."

அம்மா கொள்ளியை வீசி வீசிக் கனிய வைத்துக்கொண்டே இஸ்தோப்பு வழியாக நடந்து போனாள். பத்தாம் காம்பரா ஓட்டு இடுக்கில் நீலமாகப் புகை கிளம்பியது. நான் பார்த்தேன்.

மரம் முறியும்போது படபடவென்று சத்தம் வரும் என்று சொல்வார்கள். வரவில்லை. பெரிய சாக்கைக் கிழிப்பது போல மண் கிழியும் சத்தம்தான் வந்தது. மணி ஒரு தடவை அடித்தது. பிறகு கூரை.

முதலில் உள்ளே புகுந்தவர் பூசாரி. அதை மறைக்க மாட்டேன். சுவர் இன்னும் விழுந்துகொண்டிருக்கும்போதே உடைந்த ஓடுகளை விலக்கிக்கொண்டு போனார். அம்மா அடுப்புத் திண்டுக்கும் விழுந்த சுவருக்கும் நடுவில் கிடந்தாள். இடது கால் தொடைக்குக் கீழே உத்திரத்துக்கு அடியில். கம்பளியில் போட்டு நான்கு பேர் தூக்கிக்கொண்டு கீழ்ப் பாதைக்கு ஓடினார்கள். கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சித்தி லொறியின் பின்னால் வளைவு வரைக்கும் ஓடினாள். யாரையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் மரத்தைப் போய்ப் பார்த்தேன். வேர்க்கட்டை மலைப் பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. லயத்துப் பக்கத்து வேர்கள் அப்பா வெட்டிய இடத்தில் வெட்டியபடியே கறுத்திருந்தன. நடுவயிரம் இருக்க வேண்டிய இடத்தில் பொந்து. கையை விட்டேன், முழங்கை வரை போயிற்று. ஈரத் தேயிலைத்தூள் மாதிரி பொடி உதிர்ந்தது. தலையில் இலைகள் இன்னும் பச்சையாக இருந்தன. ஒரு வாரம் வரை பச்சையாகவே இருந்தன. நம் வயதுக்காரர்களே, இதைத்தான் அந்தச் சப்பாத்துக்காரரிடம் சொல்ல முயன்றேன். மரத்துக்குத் தான் செத்தது தெரியவே நாளாகும்.

சின்ன துரை வந்தார், மரத்தை அளந்தார்.

"காத்துல விழுந்த மரம்" என்றார்.

"காத்தே இல்லீங்க தொரை" என்றார் அப்பா. அவர் துரையிடம் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"காத்து இல்லாம மரம் விழுமா?"

அத்தோடு முடிந்தது. அம்மாவின் காலுக்குத் தோட்டம் ஏதாவது கொடுக்குமா என்று அப்பாவும் தலைவரும் ஆபீசுக்குப் போனார்கள். கண்டாக்கு ஐயா கேட்டாராம்: "மூணாம் காம்பராக்காரிக்கு பத்தாம் காம்பராவுல என்னா வேல?" மூன்று நாள் புகைச் சட்டத்தை வைத்தவர் கேட்ட கேள்வி. தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாராம். லயத்து மானத்துக்கு அன்று லீவு.

அம்மா திரும்பி வந்தபோது கால் இருந்தது, ஆனால் மடங்காது. அதோடு மலை ஏற முடியாது, கூடை முடிந்தது. அவளுடைய இடத்தில் சித்தி கொழுந்துக்குப் போனாள். பிள்ளையை அம்மா பார்த்துக்கொண்டாள். என்னைக் கொதிக்க வைத்தது வேறு. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொன்னாள்: "சாமி கால மட்டும் எடுத்துக்கிச்சு. உசுர விட்டுருச்சு." வந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சித்தி அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

மழை முடிந்து சாமியைத் திரும்ப வைக்க நாள் பார்த்தார்கள். கல் உடையவில்லை, சூலம் மட்டும் வளைந்திருந்தது. பூசாரி மேட்டில் இன்னொரு மரத்தைத் தேர்ந்து வைத்திருந்தார். அதுவும் டர்பன்டைன். ஐந்தாம் காம்பராவுக்கு நேர் மேலே.

"பாருங்க, நல்ல நேரான மரம். எலையெல்லாம் செழிப்பா இருக்கு" என்றார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். என் கண்ணால் பார்த்தேன், அத்தனை தலையும் ஒரே நேரத்தில் மேலே போயிற்று. சித்தி மட்டும் பார்க்கவில்லை. அவள் நேரே போய்க் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். சாமிக் கல்லின் மேல்.

"எந்திரி! சாமி கல்லுடி!" என்று கத்தினாள் எட்டாம் காம்பரா அத்தை.

"தெரிஞ்சி தான் ஒக்காந்தேன். மரத்தடிக்குத் தூக்குனா என்னயும் சேத்துத் தூக்குங்க."

அப்பா அவளை நோக்கி ஓரடி வைத்தார், நின்றுவிட்டார். தலைவர் தரையைப் பார்த்தார். பூசாரிக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது. "வெட்டவெளியில வச்சா சாமி நனையாதா தங்கச்சி?"

அம்மாவை அன்று நாற்காலியோடு தூக்கி வந்து ஓரமாக வைத்திருந்தார்கள், சாமியால் உயிர் பிழைத்தவள் என்பதற்காக. அவள் என்ன சொல்வாளோ அதுதான் முடிவு என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அம்மா சித்தியைப் பார்த்தாள். மடங்காத காலைக் கையால் தூக்கி வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.

"நனையட்டும் பூசாரி அண்ணே" என்றாள். "நாங்க நனையலயா?"

பீலிக்கரைக்கு அப்பால், எந்த மரம் விழுந்தாலும் எட்டாத வெட்டவெளியில் கல்லை வைத்தார்கள். ஒரு காலைப் பொழுதுகூட ஆகவில்லை. இரண்டு பேர் தூக்கினார்கள், ஒருவர் குழி தோண்டினார், முடிந்தது.

போன வருடம் போயிருந்தேன். சாமி அங்கேதான் பத்திரமாக இருக்கிறது. லயமும் அங்கேதான் இருக்கிறது, அதே மேட்டின் அடியில். மேட்டில் இப்போது பதினொரு மரங்கள் நிற்கின்றன. எண்ணினேன், ஒவ்வொன்றுக்கும் கீழே போய் அடியையும் பார்த்தேன். நான்கு சரியில்லை. ஒன்பதாம் காம்பராவிலிருந்து ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, என்ன தாத்தா தேடுறீங்க என்று கேட்டாள். காட்டினேன். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் சொல்லியாயிற்றாம். வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்.

கல்லால் ஆன சாமியை ஒரு காலையில் நகர்த்திவிட்டோம். பத்துக் குடும்பங்களை நகர்த்த யாருக்கும் இன்னும் நேரம் வரவில்லை.